இறகுக்கு மெட்டுப் போடுவது எப்படி? புதுக்கவிதையும் கலைப்பாடலும்

யாப்பில்லாமல் புதுக்கவிதை எழுதிய பிரமிளின் கவிதை ஒன்றை இசையோடு பாடப்போகிறோம் என்று திருகோணமலையில் யாராவது சொன்னால் உடனே இரண்டு கேள்விகள் வரும். சங்கீதம் படித்தவர், "என்ன ராகம், என்ன தாளம்?" என்பார். கவிதை படிக்கிறவர், "புதுக்கவிதையை எதற்குப் பாட வேண்டும்?" என்பார். நடுவில் ஒருவர் 'கலைப்பாடல்' என்று சொல்லிவிட்டால் குழப்பம் இன்னும் கூடும். அது கச்சேரிப் பாட்டா, வானொலி மெல்லிசையா, சினிமாப் பாட்டில் கொஞ்சம் கௌரவமான வகையா?

மூன்றும் இல்லை. ஆனால் மூன்றோடும் உறவு உண்டு. அந்த உறவு எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் மேற்சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும்.

கலைப்பாடல் என்றால் எது

ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில், 19ஆம் நூற்றாண்டில் செழித்த வடிவம் இது. ஜெர்மன் மொழியில் 'லீட்' என்பார்கள். வெறுமனே 'பாட்டு' என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். மூன்று அடையாளங்களை வைத்து அதைப் பிரித்தறியலாம்.

1. கவிதை முதலில் வந்திருக்கும். படிப்பதற்காக எழுதப்பட்டு, அச்சாகி, இசையில்லாமலே முழுமையாக நிற்கும் கவிதை அது. நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முந்திக்கொள்ளும், சொல் பின்னால் வந்து இடம் பிடிக்கும். கீர்த்தனையிலோ சொல்லும் மெட்டும் பாட்டையும் மெட்டையும் தானே இயற்றும் ஒரே வாக்கேயக்காரரிடமிருந்து சேர்ந்தே பிறக்கும்.

2. பெரும்பாலும் ஒரு குரல், ஒரு வாத்தியம். அங்கே பியானோ. வாத்தியக்காரர் பாடகரின் நிழலாகப் பின்தொடர்வதில்லை. கவிதையில் சொல்லாமல் விட்டதை அவர் சொல்வார்.

3. இசை முழுவதும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். நம் கச்சேரியில் போல மேடையில் சங்கதி சேர்ப்பது (ஒரு வரியைச் சுரம் மாற்றி மாற்றிப் பாடுவது), நிரவல் செய்வது (ஒரே வரியைக் கற்பனையில் விரித்துப் பாடுவது) கிடையாது.

இரண்டாவது அடையாளம்தான் முக்கியம். அதற்கு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டிடம் போக வேண்டும்.

சுற்றி நிற்கும் ராட்டினம்

ஃபிரான்ஸ் ஷூபர்ட் 31 வயதில், 1828இல் இறந்தவர். அதற்குள் 600க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்திருந்தார். 1814 அக்டோபரில், 17 வயதில், ஜெர்மன் கவிஞர் கோதேயின் நாடகத்தில் ஒரு பெண் நூல் நூற்கும் ராட்டினம் சுற்றியபடி தனக்குத் தானே பேசும் பகுதியை எடுத்தார். பியானோவின் வலக்கை ஓயாமல் சுழல்கிறது, அது ராட்டினம். இடக்கையில் மிதிபலகை. அவள் தன் காதலனை நினைத்து நினைத்து வருகிறாள். அவன் முத்தத்தைச் சொல்லும் இடத்தில் ராட்டினம் சட்டென்று நின்றுவிடுகிறது. பிறகு திக்கித் திக்கி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று மறுபடி ஓடத் தொடங்குகிறது.

ராட்டினம் நின்றதாகக் கோதே அந்த இடத்தில் எழுதவில்லை. ஷூபர்ட் அப்படிப் படித்தார். கை நின்றுபோகும் அளவுக்கு அவள் மனம் வேறெங்கோ போய்விட்டது என்று ஒரு விமர்சகர் நாலு பக்கம் எழுதலாம். ஷூபர்ட்டுக்கு ஒரு நொடி மௌனம் போதுமாக இருந்தது. கலைப்பாடல் என்பது இசையால் செய்த வாசிப்பு என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இது எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. 1816இல் ஷூபர்ட்டின் நண்பர்கள் கோதே கவிதைகளுக்கு அவர் இசையமைத்த தொகுப்பை அந்தக் கவிஞருக்கே அனுப்பினார்கள். ஒரு வரி பதில்கூட இல்லாமல் அது திரும்பி வந்தது. எல்லாப் பத்திக்கும் ஒரே எளிய மெட்டு, கவிதைக்கு முன்னால் இசை அடங்கி நிற்பது, இதுதான் கோதேக்கு உவப்பு. இசைக்காரன் கவிதைக்குள் புகுந்து பொருள் சொல்லலாமா என்ற சண்டை அன்றைக்கே இருந்தது. நம் ஊர்க் கவிதை வாசகர் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

நமக்கு ஏன் இது பழையதும் புதியதும்

பாட்டையும் கவிதையையும் பிரித்துப் பார்க்கும் பழக்கமே தமிழுக்குப் புதிது. திருகோணமலையின் சுவாமி மலையில் கோணேசர் கோயிலில் நின்றால் கீழே கேட்கும் கடலைத்தான் 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடினார்: "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே." பதிகத்தின் பண் புறநீர்மை. இன்று அதைப் பூபாளத்தில் பாடுவது வழக்கம். சொல்லும் பண்ணும் சேர்ந்தே வந்தவை. தனியாக ஒருவர் மெட்டுப் போட வேண்டியதில்லை. சிந்து, கண்ணி, கும்மி எல்லாமே அப்படித்தான். வாய்விட்டுப் படித்தாலே தாளம் கையில் வந்து நிற்கும்.

பாரதியிடம் இது இரண்டாகப் பிரிவதைப் பார்க்கலாம். தன் பாடல்கள் பலவற்றுக்கு அவரே ராகமும் தாளமும் குறித்து வைத்தார். அதே பாரதி காற்றையும் கடலையும் பற்றி வசன கவிதை எழுதியபோது ராகம் எதுவும் குறிக்கவில்லை. 1934இல் மணிக்கொடியில் ந. பிச்சமூர்த்தியும், 1959க்குப் பிறகு சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழில் எழுதியவர்களும் அந்தப் பிரிவை முழுமையாக்கினார்கள். யாப்பு போயிற்று. அதோடு தாளமும் போயிற்று.

அந்த 'எழுத்து' கூட்டத்தில் மிக இளையவர்களில் ஒருவர் தருமு சிவராம் என்ற பிரமிள். 1939இல் திருகோணமலையில் பிறந்தவர். இங்கிருந்தபடியே அந்த இதழுக்கு எழுதியவர். பிறகு தமிழ்நாட்டுக்குப் போய் 1997இல் அங்கேயே மறைந்தார்.

இலங்கை வானொலி 1970களில் ஈழத்துக் கவிஞர்களின் வரிகளுக்கு மெல்லிசை அமைத்து ஒலிபரப்பியது பலருக்கு நினைவிருக்கும். அது பெரிய காரியம். ஆனால் மெல்லிசைக்கென்று எழுதும்போதே கவிஞர் பல்லவி, சரணம் என்று பிரித்து, சந்தம் பார்த்து எழுதிவிடுவார். சந்தமே வேண்டாம் என்று எழுதியவரின் கவிதையை எடுத்தால் என்ன செய்வது என்பது வேறு பிரச்சினை.

ஆறு வரிக் கவிதை ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

பிரமிளின் 'காவியம்' தமிழில் கவிதை படிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு மனப்பாடம். சிறகிலிருந்து பிரிந்த இறகு ஒன்று காற்றின் பக்கங்களில் ஒரு பறவையின் வாழ்வை எழுதிப் போகிறது. மொத்தமும் ஒரே வாக்கியம். இதற்கு இசையமைக்க உட்காருகிறவர் ராகத்தை யோசிப்பதற்கு முன்பு எழுத்தை எண்ண வேண்டும்.

"சிறகிலிருந்து பிரிந்த இறகு ஒன்று." வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இதில் ஒரு நெடில்கூட இல்லை. சி, ற, கி, லி, ரு, து, பி, ரி, த, இ, ற, கு, ஒ, று, எல்லாமே குறில். எடை இல்லாமல் படபடவென்று போகிறது. அடுத்த சொல் 'காற்றின்'. அங்கேதான் முதல் நெடில் வருகிறது. காற்று வந்ததும் வாய் திறக்கிறது. அதற்கடுத்தது 'தீராத', அடுத்தடுத்து இரண்டு நெடில். அப்புறம் 'வாழ்வை' என்ற சொல்லில் ஒன்று. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் குறுகி ஒலிக்கும் ஐகாரத்தைத் தள்ளிவிட்டால் கவிதை முழுக்க இவ்வளவுதான் நெடில்: காற்று, தீராமை, வாழ்வு. 'எழுதிச் செல்கிறது' என்று முடிக்கும்போது மறுபடி எல்லாம் குறில். இறகு போய்விட்டது.

பிரமிள் எண்ணி எழுதினாரா என்று கேட்பது வீண். காது எழுதியிருக்கிறது. இசையமைப்பவருக்கு வேண்டியதும் அதுதான், ஏனென்றால் எங்கே நீட்டலாம், எங்கே நீட்டக்கூடாது என்பதைக் கவிதையே சொல்லிவிட்டது. இனி அவர் முடிவெடுக்க வேண்டியவை:

1. பல்லவி வைப்பதா? பழக்கதோஷத்தில் முதல் வரியைப் பல்லவியாக்கினால் 'இறகு ஒன்று' என்று சொல்லி நிறுத்தி, திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்க வேண்டும். எழுவாய் வந்தாயிற்று, வினைமுற்று வரவில்லை. 'இறகு ஒன்று… என்ன ஆச்சு?' என்று கேட்பவர் காத்துக்கொண்டே இருப்பார். இந்தக் கவிதைக்குப் பல்லவி ஆகாது என்பது என் எண்ணம்.

2. ஆதார ஷட்ஜத்தில் (பாட்டு வந்து ஓயும் 'ஸ' சுரத்தில்) எங்கே வந்து இறங்குவது? தமிழில் வினை கடைசியில் வருவதால் வாக்கியம் 'செல்கிறது' வரைக்கும் முடிவதில்லை. அதற்கு முன் எங்கே ஷட்ஜத்தில் நின்றாலும் அது பொய் முற்றுப்புள்ளி. 'செல்கிறது' என்பதிலும் இறங்காமல் பஞ்சமத்திலோ நிஷாதத்திலோ தொங்கவிடலாம், இறகு இன்னும் தரையைத் தொடவில்லை என்று. இரண்டும் சரி. ஆனால் இரண்டும் ஒரே கவிதை அல்ல.

3. சங்கதி எங்கே? 'தீராத' என்ற சொல்லில் மட்டும். பொருளும் நீள்கிறது, உயிரும் நீள்கிறது. அங்கே சுருக்கிவிட்டு 'பிரிந்த' என்பதை உருக்கமாக இழுத்தால் அது சோகப் பாட்டாகிவிடும். கவிதையில் அழுகை இல்லை.

4. 'சிறகு', 'இறகு' இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். சொற்றொடரின் தொடக்கத்தில் 'ச' எடுபடாமல் போனால் 'இறகிலிருந்து பிரிந்த இறகு' என்று காதில் விழும். கவிதையே போச்சு. இரண்டு சொல்லையும் ஒரே சுரக்கோவையில் வைத்து, முதல் எழுத்தை மட்டும் தெளிவாகத் தட்டிப் பாடினால் அவை உறவுச் சொற்கள் என்பது தானாகத் தெரியும்.

குறிலை இழுத்தால்

இந்தக் கணக்கெல்லாம் நுணுக்கம் பிடித்தவர்களுக்கு என்று தள்ளிவிட முடியாது. தமிழில் ஒரு மாத்திரை கூடினால் பொருளே வேறு. மீன்பிடிக் கரையைப் பற்றிய கவிதையில் 'வலை விரித்தார்' என்று இருக்கிறது என்று வையுங்கள். தாளத்துக்கு இடம் நிரப்ப அந்த 'வ'வை இரண்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) இழுத்தால் 'வாலை விரித்தார்' என்று கேட்கும். மீனவர் மயிலாகிவிடுவார். 'மலை' மாலையாகும், 'கொடி' கோடியாகும், 'விடு' வீடாகும்.

பிரிக்கும் இடமும் அப்படித்தான். 'கரையோரம்' என்ற சொல்லைத் தாள வட்டத்தின் விளிம்பில் உடைத்து 'கரையோ' என்று நிறுத்தி, மூச்செடுத்து, 'ரம்' என்று தொடங்கும் பாடகரை எந்தச் சபையும் எளிதில் மறக்காது.

கீர்த்தனைக்காரர்கள் இந்தச் சிக்கலைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடலாம். சாகித்யம், அதாவது பாட்டின் சொல், சபைக்கு முன்பே தெரியும். புதுக்கவிதையை முதல் முறையாகக் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை.

தாளமில்லாக் கவிதைக்குத் தாளமில்லாப் பாட்டு

சங்கீதக்காரர் கேட்ட "என்ன தாளம்?" என்ற கேள்விக்கு இப்போது வரலாம். புதுக்கவிதையை ஆதி தாளத்துக்குள் தள்ளினால் என்ன நடக்கும்? எட்டு அட்சரம் நிரம்பாத வரியை நிரப்ப வேண்டும், நீண்ட வரியை நெருக்க வேண்டும். கவிஞர் வரியை எங்கே உடைத்தார் என்பது காதில் விழாது. யாப்பை உதறிய கவிஞருக்கு வேறொருவர் யாப்பைத் திரும்ப மாட்டிவிட்ட மாதிரி ஆகும்.

ஆனால் தாளமில்லாமல் செய்யுளைப் பாடும் முறை நம்மிடமே இருக்கிறது. விருத்தம். ஓதுவார்களும் தேவாரத்தை இரண்டு விதமாகப் பாடுவார்கள்: தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம், தாளமின்றிப் பாடுவது சுத்தாங்கம். சுத்தாங்கத்தில் சொல்லின் இயல்பான நீளமே காலக்கணக்கு. 'குரைகடல்' விரைந்து போகும், 'ஓதம்' அலை மாதிரி நீளும். புதுக்கவிதை கேட்பதும் இதைத்தானே? ஜெர்மன் பியானோப் பாட்டைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டியதில்லை. சம்பந்தர் பதிகத்தைச் சுத்தாங்கமாகப் பாடத் தெரிந்த ஒருவருக்குப் பிரமிளைப் பாடப் பாதி வழி தெரியும்.

மீதிப் பாதி கடினமானது. விருத்தம் பாடும்போது சொல்லை மூன்று நான்கு தரம் திருப்பிச் சொல்வதும், ராகத்தின் எல்லா மூலையையும் காட்டுவதும் வழக்கம். காட்டுவதற்கு ராகம் இருக்கும், கேட்பதற்குக் கவிதை இருக்காது. கலைப்பாடலின் மூன்றாவது அடையாளம் இங்கேதான் உதவும்: ஒவ்வொரு சுரத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்து, எழுதியதை மட்டும் பாடுவது. மேடையிலேயே கற்பனை செய்து பாடும் மனோதர்மத்தில் வளர்ந்தவருக்கு அது கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். இருக்கட்டும், ஆறு வரிதானே.

வாத்தியம் யார் பக்கம்

நம் மேடைகளில் வயலின் பாடகரை எதிரொலிக்கும், மிருதங்கம் தாளத்தைத் தாங்கும். தாளமே இல்லையென்றால் மிருதங்கக்காரருக்கு வேலை இல்லை. வயலின் எதிரொலிப்பதை நிறுத்திவிட்டு வேறு ஏதாவது சொல்ல வேண்டும். ஷூபர்ட்டின் ராட்டினம் செய்த வேலையை இங்கே யார் செய்வது?

'காவியம்' கவிதையில் பதில் இருக்கிறது: காற்று. ஆனால் எந்தக் காற்று? திருகோணமலையில் இருப்பவருக்கு இது கேட்க வேண்டிய கேள்வி. மாரியில் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் வாடை ஒன்று. கோடையில் தரைப் பக்கமிருந்து சூடாக, விட்டு விட்டு வீசும் கச்சான் இன்னொன்று. வாடை என்றால் வயலினில் ஓயாத ஒற்றைச் சுரம், வில் மாறுவதே தெரியாமல். கச்சான் என்றால் திடீர் வீச்சு, பிறகு வெறுமை. அந்த வெறுமையில் பாடகர் ஒரு சொல் சொல்லலாம். நான் கச்சானைத்தான் எடுப்பேன். விட்டு விட்டு வீசும் காற்றில்தான் இறகு நிற்கும், சுழலும், திசை மாறும். தம்புராவும் ஒரு வயலினும் போதும். ஒர்கனில் ஸ்ட்ரிங்ஸ் ஓசையை அழுத்திப் பிடித்தால் அது காற்றாக ஒலிக்காது, நாடகத்தில் திரை விலகுவதுபோல் ஒலிக்கும்.

யாரிடம் அனுமதி கேட்பது

கடைசியாகச் சட்டம். ஆட்கள் வழக்கமாகக் கடைசியில்தான் இதை நினைக்கிறார்கள், அதனால்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

கவிதைக்கு இசையமைத்துப் பொதுமேடையில் பாடவும் பதிவுசெய்து வெளியிடவும் கவிதையின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். இந்தியாவில் 60 ஆண்டுகள். கணக்குப் போட்டால்:

1. திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் மறைந்தார். அவர் கவிதைகளை யாரும் பாடலாம்.

2. ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தி மறைந்தது 1971இல். இலங்கையில் 2041 முடியும் வரை அனுமதி தேவை.

3. பிரமிள் மறைந்தது 1997இல். இந்தியாவில் 2057 முடியும் வரை, இலங்கையில் 2067 முடியும் வரை.

பாரதிக்கு இந்தச் சிக்கல் இல்லாமல் போனது ஒரு விதிவிலக்கு. 1949இல் சென்னை மாகாண அரசு அவர் படைப்புகளின் உரிமையை வாங்கியது, பிறகு அவை பொதுவாக்கப்பட்டன.

பணம் கொடுத்து அனுமதி வாங்கினாலும் கவிதையை வெட்ட உரிமை வந்துவிடாது. படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் தார்மீக உரிமை இரண்டு நாட்டுச் சட்டத்திலும் தனியாக இருக்கிறது. இங்கிலாந்துக் கவிஞர் ஹவுஸ்மன் தன் கவிதைகளுக்கு இசையமைக்க யாரிடமும் பணம் கேட்டதில்லை. ஆனால் வான் வில்லியம்ஸ் தன் 1909ஆம் ஆண்டுப் பாடல் தொகுதியில் ஒரு கவிதையின் இரண்டு பத்திகளை விட்டுவிட்டார் என்று அறிந்ததும் கொதித்துப்போனார். விடப்பட்டது கால்பந்து பற்றிய பகுதி. அது பாட்டுக்கு ஒத்துவராது என்பது இசையமைப்பாளரின் முடிவு.

அனுமதி கேட்காமல் வேலையைத் தொடங்குவதன் விலை என்ன என்பதற்கு எரிக் விட்டேக்கர் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் அனுபவம் உண்டு. பனி விழும் மாலையில் காட்டோரம் நிற்பது பற்றிய ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதைக்கு 2000ஆம் ஆண்டளவில் சேர்ந்திசை அமைத்தார். அமைத்து முடித்த பிறகுதான் உரிமையாளர்கள் மறுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அவரிடம் முழு இசையும் இருந்தது, பாடச் சொல் இல்லை. சார்ல்ஸ் அந்தோணி சில்வெஸ்திரி என்ற நண்பர் அசை அசையாக அதே அளவுக்கு, ஃப்ராஸ்ட் முடித்த அதே 'உறக்கம்' என்ற சொல்லிலேயே முடியும்படி, புதிதாக ஒரு கவிதை எழுதிக் கொடுத்தார். உலகமெங்கும் பாடகர் குழுக்கள் இன்று அதைத்தான் பாடுகின்றன. ஃப்ராஸ்டின் கவிதை 2019 ஜனவரி 1இல் அமெரிக்காவில் பொதுவுடைமை ஆயிற்று.